ஆளை அனுப்பினால் போதுமா? வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சிகள் பற்றி அரசுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைக்கும் வணக்கம்.

நான் கோவையில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள் என்று நான் பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் முதியவர்கள். பல வீடுகளில் அவர்களைக் கவனித்துக்கொள்வது ஏஜென்சி மூலம் வந்த ஆள்தான். பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள், அல்லது அதே வீட்டில் இருந்தும் காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பியாக வேண்டும்.

மருத்துவமனையில் "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்ன பிறகுதான் குடும்பம் ஆள் தேடத் தொடங்குகிறது. மூக்கில் உணவுக் குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய், இன்சுலின், முதுகில் ஏற்கெனவே ஒரு புண். இரண்டு நாளில் ஆள் வேண்டும். யாரோ ஒரு எண் தருகிறார்கள். பதிவுக் கட்டணமும் முன்பணமும் கட்டினால் மறுநாள் காலை ஒரு பெண் பையோடு வாசலில் நிற்பார். அவர் என்ன படித்தார், இதற்கு முன் எங்கே வேலை பார்த்தார் என்று கேட்டால் ஆதார் நகல் வாட்ஸ்அப்பில் வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது.

ஒரு வீட்டில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். பெரியவருக்கு மருத்துவர் எழுதியது 10 யூனிட் இன்சுலின். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் இருப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட், அந்த அடர்த்திக்குரிய சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. அன்று பேனா பழுதாகிவிட்டது. புதிதாக வந்திருந்த பெண் கார்ட்ரிட்ஜிலிருந்தே மருந்தை எடுத்து, சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை நிரப்பி வைத்திருந்தார். கோடு சரியாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே இருந்தது 25 யூனிட். காலைச் சாப்பாட்டைச் சரியாகச் சாப்பிடாத அந்தப் பெரியவருக்கு அது போயிருந்தால், சர்க்கரை தடாலென்று இறங்கி நினைவே தப்பியிருக்கும். நான் அந்த நேரத்தில் உள்ளே நுழைந்ததால் ஊசி நின்றது.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு அடர்த்தி இருக்கிறது என்பதையே அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஏஜென்சிக்கு போன் செய்து விவரம் சொன்னேன். "ஆளை மாற்றித் தந்துவிடுகிறோம்" என்றார்கள். மாற்றியும் தந்தார்கள். அந்தப் பெண் அதே அறியாமையோடு இன்னொரு வீட்டுக்குப் போயிருப்பார்.

நான் இந்த மடலை எழுதுவதற்குக் காரணமே அந்தப் பதில்தான். ஏஜென்சிகள் இங்கே ஆளை அனுப்புவதற்குக் காசு வாங்குகின்றன. அந்த ஆள் என்ன செய்கிறார், நோயாளி எப்படி இருக்கிறார் என்பது அவர்கள் கணக்கில் வருவதில்லை. குடும்பங்கள் என்னிடம் காட்டிய ஒப்பந்தத் தாள்களில், பணிக்காலத்தில் நேரும் எதற்கும் நிறுவனம் பொறுப்பல்ல என்ற பொருளில் ஒரு வரி தவறாமல் இருந்தது. அந்த வரி சட்டப்படி செல்லாது என்று நீங்கள் ஆக்க வேண்டும். மற்ற எல்லாத் தரமும் அதற்குப் பிறகுதான் வரும்.

தெருமுனையில் டிபன் கடை போடுகிறவர்கூட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாக வேண்டும். பெண்கள் விடுதி நடத்த 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். கிளினிக் வைப்பவருக்கு 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் 2018-இல் வந்த விதிகளும் இருக்கின்றன. ஆனால் அந்தச் சட்டமும் விதிகளும் ஒரு கட்டடத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அறையின் அளவு, கருவிகள், கழிவை அகற்றும் முறை என்று ஆய்வுக்கு வருகிறவர் போய் நின்று பார்க்க அங்கே ஓர் இடம் இருக்கிறது. ஏஜென்சிக்கோ ஒரு மேசையும் இரண்டு செல்போனும் போதும். அதன் படுக்கைகள் எல்லாம் அடுத்தவர் வீடுகளில் கிடக்கின்றன.

மத்திய அரசு இதை யோசிக்காமல் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. அதைத் திருத்த 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். மூத்த குடிமக்களுக்கு வீட்டுப் பராமரிப்புச் சேவை தரும் நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும், அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழுவின் பரிசீலனை வரை போய், சட்டமாகாமலே 2024-இல் அந்த மக்களவையோடு காலாவதியாகிவிட்டது. டெல்லி மறுபடி கொண்டுவரட்டும் என்று நாம் காத்திருக்க முடியாது. மத்தியப் புள்ளியியல் துறை 2021-இல் வெளியிட்ட அறிக்கையின் கணிப்புப்படி, அந்த ஆண்டில் தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். 2031-இல் அது 18.2 சதவீதம் ஆகும். பெரிய மாநிலங்களில் நம்மைவிட முதுமை கூடியது கேரளம் மட்டும்தான்.

வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை தருவது நம் அரசுக்குப் புதிதும் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வாசலுக்கே கொண்டுபோனது. தீராத நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவு சேவையும் பிசியோதெரபியும் அதில் சேர்ந்தே போகின்றன. அதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் அந்தக் குழு வந்துபோன பிறகு மிச்சமிருக்கும் நாட்களும் இரவுகளும் குடும்பத்தின் கையிலோ காசு கொடுத்து வைத்த ஆளின் கையிலோதான் இருக்கின்றன. அங்கே அரசின் கண் இன்னும் போகவில்லை.

சரி, எதைக் கேட்கிறேன்?

முதலில், ஏஜென்சிகளுக்குப் பதிவைக் கட்டாயமாக்குங்கள். மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகமே அதைச் செய்யலாம். ஆனால் பதிவு என்பது ஒரு சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுவதோடு முடிந்துவிடக் கூடாது. பதிவு பெற்ற ஒவ்வோர் ஏஜென்சியிலும் நர்சிங் கவுன்சிலில் பதிவுள்ள செவிலியர் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். ஆளை அனுப்பும் முன் அவர் அந்த வீட்டுக்கு ஒரு தடவை போய் நோயாளியைப் பார்க்க வேண்டும். குளிக்க வைப்பது, வாய்வழி ஊட்டுவது, நடக்க வைப்பது ஆகியவை ஒரு வகை. குழாய் வழி உணவு, இன்சுலின், சிறுநீர்க் குழாய்ப் பராமரிப்பு எல்லாம் வேறு வகை. இரண்டாவது வகை வேலையை, செவிலியர் கற்றுக்கொடுத்து, செய்யச் சொல்லிப் பார்த்து, கையெழுத்துப் போட்ட ஆள் மட்டுமே செய்யலாம் என்று விதி வரட்டும். தவறு நடந்தால் அந்தக் கையெழுத்து ஏஜென்சியைப் பொறுப்பாக்கும்.

அப்புறம் ஒரு நோட்டு. பெரிய செலவில்லாத விஷயம் என்பதால் இதை அலட்சியமாக நினைத்துவிடாதீர்கள். நான் போகும் ஒரு வீட்டில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையான மனைவி தானே கோடு போட்டு ஒரு நோட்டு வைத்திருக்கிறார். எத்தனை மணிக்கு வலப்பக்கம் திருப்பியது, எப்போது இடப்பக்கம், பையில் எவ்வளவு சிறுநீர், எந்த மாத்திரை கொடுத்தது, குழாயில் ஊட்டும்போது தலைமாடு உயர்ந்திருந்ததா என்று வரிசையாக இருக்கும். கடைசிக் கட்டத்தில் "தோல்" என்று எழுதியிருப்பார். குதிகாலிலும் வால் எலும்பின் மேலும் சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் வெளுக்கிறதா என்று தினமும் பார்த்து அதில் குறிக்கிறார்கள். அழுத்தியும் வெளுக்காத சிவப்புதான் படுக்கைப்புண்ணின் தொடக்கம். அந்த வீட்டில் ஆட்கள் மாறிமாறி வந்தும் அவர் கணவருக்கு இதுவரை புண் வரவில்லை. நோட்டு இல்லாத வீடுகளில் புது ஆள் வந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு "பழைய அக்கா என்ன செய்வாங்க?" என்று நோயாளியிடமே கேட்பார். பேச்சு போன நோயாளி என்ன சொல்வார்? அரசே ஒரே மாதிரிப் படிவம் தயாரித்து, ஒவ்வொரு வீட்டிலும் அது இருக்க வேண்டும் என்று ஆக்கினால், மருத்துவரும் நானும் பொறுப்புச் செவிலியரும் ஒரே தாளைப் பார்த்துப் பேச முடியும். தவறு நடந்தாலும் எங்கே நடந்தது என்று தெரியும்.

என் தொழில் சார்ந்து இன்னொன்று. பக்கவாதத்தில் தளர்ந்துபோன கையைப் பிடித்திழுத்து நோயாளியை எழுப்புகிறார்கள். தோள்மூட்டு இறங்கிவிடுகிறது. அப்புறம் மாதக்கணக்கில் அந்தத் தோள் வலியைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, நடக்கப் பழக்கும் நேரமெல்லாம் அதிலேயே போய்விடுகிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை அரை நாளில் கற்றுத்தரலாம். தேசியத் திறன் பயிற்சியில் வீட்டுப் பராமரிப்பு உதவியாளருக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. அதை முடித்தவரைத்தான் அனுப்ப வேண்டும் என்று ஏஜென்சியைக் கட்டாயப்படுத்துவார் யாரும் இல்லை.

இப்போது அந்த ஆட்களைப் பற்றி. தரம் என்று பேசும்போது இவர்களை மறந்துவிட்டால் நீங்கள் எழுதும் விதி காகிதத்திலேயே நின்றுவிடும். 24 மணி நேர ஆள் என்று வருகிற பெண் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிறார். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும். பகல் முழுக்க உழைத்தவர் இரவு முழுக்கவும் விழித்திருக்க வேண்டும், மறுநாளும் அப்படியே, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கூடக் கிடையாது. எந்த மனித உடம்பு தாங்கும்? புண் வந்தால் மட்டும் ஆளின் அலட்சியம் என்கிறோம். போதாததற்கு, நோயாளியைப் பார்க்க வந்தவரிடம் வீட்டுப் பாத்திரம் முழுவதையும் போட்டுவிடும் குடும்பங்களும் இருக்கின்றன. குடும்பம் கட்டும் பணத்தில் தன் கைக்கு எவ்வளவு வருகிறது என்பதை அவர் சொல்லக் கூடாது என்று ஏஜென்சி எச்சரித்து அனுப்புகிறது. ஆகவே ரசீதில் இரண்டு தொகையும் தனித்தனியாக இருக்கட்டும். 24 மணி நேரப் பணி என்றால் இரண்டு ஆள் என்பது விதியாகட்டும். அது முடியாத வீடுகளில் தொடர்ச்சியான தூக்கத்துக்கு ஒரு குறைந்தபட்ச நேரத்தையாவது வகுத்துச் சொல்லுங்கள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கொள்கிறது. மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் இந்தப் பெண்கள் புகார் தரலாம். என்னிடம் பேசியவர்களில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. ஏஜென்சி பணி ஆணையோடு அந்தக் குழுவின் முகவரியையும் எண்ணையும் சேர்த்துத் தர வேண்டும்.

இதையெல்லாம் செய்தால் கட்டணம் ஏறும், சின்ன ஏஜென்சிகள் மூடிவிடுவார்கள் என்ற பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அது நியாயமான கவலைதான், நடுத்தரக் குடும்பங்கள் இப்போதே திணறுகின்றன. அதனால் படிப்படியாகத் தொடங்குங்கள். முதல் ஆண்டில் பதிவும் நோட்டும் ரசீதும் போதும். சின்ன ஏஜென்சிகள் சேர்ந்து ஒரு செவிலியரைப் பகிர்ந்துகொள்ள அனுமதியுங்கள். பயிற்சிச் செலவைத் திறன் மேம்பாட்டுக் கழகம் ஏற்கலாம். இங்கிலாந்தில் வீட்டில் உடல்சார்ந்த பராமரிப்பு தரும் நிறுவனங்கள் பராமரிப்புத் தர ஆணையத்தில் பதிவு செய்தே இயங்க முடியும், ஆய்வறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அங்கேயும் 15 நிமிடத்தில் அவசர அவசரமாக முடித்துக்கொண்டு ஓடும் வருகைகள் பெரிய புகாராகி, அரை மணிக்குக் குறையாமல் இருப்பதே முறை என்று 2015-இல் தேசிய வழிகாட்டுதல் வந்தது. பதிவு வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் அங்கே கேள்வி கேட்க ஒரு கதவாவது இருக்கிறது. இங்கே முதியோர் உதவி எண் 14567-க்கு ஒரு மகள் போன் செய்தால், எதிரில் இருப்பவர் எந்தப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பார்?

கடைசியாக, விதிகளை எழுதும் குழுவில் மருத்துவர்களும் அதிகாரிகளும் ஏஜென்சி உரிமையாளர்களும் எப்படியும் இருப்பார்கள். வீடுகளில் வேலை பார்க்கும் பராமரிப்பாளர்கள் இருவரையாவது, அன்றைய கூலியைக் கொடுத்து, அந்த மேசையில் உட்கார வையுங்கள். நோயாளி ஒருவரின் குடும்பத்தையும் கூப்பிடுங்கள். வரைவைத் தமிழில் வெளியிட்டு, கருத்துச் சொல்ல இரண்டு மாதமாவது அவகாசம் கொடுங்கள். என் தரப்பில், நோயாளியைத் தூக்குவது, மாற்றுவது, தோளைக் காப்பது பற்றிய பயிற்சிப் பாடத்தைக் கட்டணம் வாங்காமல் எழுதித் தரவும், கோவை மாவட்டத்தில் நேரில் வந்து சொல்லித் தரவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்