உதவித்தொகைச் செய்தியோடு முழுச் செலவையும் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாட்டில் இலவசமாகப் படிப்பது பற்றி உங்கள் கல்வி இணைப்பில் வந்த இரண்டு பக்கக் கட்டுரையைப் படித்தேன். கல்விக் கட்டணமே இல்லாத நாடுகள் என்ற பட்டியலில் நார்வேயைச் சேர்த்திருக்கிறீர்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் நார்வேயின் அரசுப் பல்கலைக்கழகங்கள் 2023 முதலே கட்டணம் கேட்கத் தொடங்கிவிட்டன. டென்மார்க் 2006இலும், சுவீடன் 2011இலும், பின்லாந்து 2017இலும் அந்த முடிவுக்கு வந்தவைதான். ஏதோ பழைய பட்டியல், தேதி பார்க்காமல் அச்சேறிவிட்டது போலிருக்கிறது.

அதே பட்டியலில் ஜெர்மனியும் இருக்கிறது. அது பெருமளவு சரிதான். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் படித்தால், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத மாணவர் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். 2017இலிருந்து இதுதான் நடைமுறை. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுநிலைப் படிப்புகளுக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ கேட்கிறது. கட்டணமே இல்லாத இடத்துக்குப் போவதானாலும், விசாவுக்கு முன் பிளாக்டு அக்கவுண்ட் என்று ஒன்றைத் திறந்து ஒரு வருடத்துக்கான 11,904 யூரோவைப் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு மாதம் 992 யூரோவாக எடுத்துக்கொள்ளலாம். நம் பணம்தான், எங்கும் போய்விடாது. ஆனாலும் விமானம் ஏறுவதற்கு முன் மொத்தமாகக் கையில் இருக்க வேண்டும் அல்லவா? ‘இலவசம்’ என்று கொட்டை எழுத்தில் போட்ட கட்டுரையில் இந்தத் தொகையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். எந்தச் செலவானாலும் என்றைக்குப் பணம் கையை விட்டுப் போகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன், அது தொழில் பழக்கம். மகள் 2025இல் பிரிட்டனில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்தது. முதல் பக்கத்தில் வாழ்த்து, அதற்குக் கீழே தடித்த எழுத்தில் 4,000 பவுண்டு உதவித்தொகை. உடன் படித்தவர்களை விசாரித்ததில், அங்கே விண்ணப்பித்த மற்ற இரண்டு பேருக்கும் அதே 4,000 பவுண்டுதான். மூன்று பேரின் மதிப்பெண்ணுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஆடித் தள்ளுபடி மாதிரி, வாசலுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே சதவீதம்.

சரி, தள்ளுபடியானாலும் பணம் பணம்தானே என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். படிப்புக் கட்டணம் 24,500 பவுண்டு. உதவித்தொகை போக 20,500. லண்டனுக்கு வெளியே தங்கிப் படிப்பவர், வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,136 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும் என்பது அப்போதைய விதி. அது 10,224. அந்தப் பணம் வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் குறையாமல் கிடக்க வேண்டும். ஒரு நாள் இறங்கினாலும் விசாவுக்கு ஆபத்து. சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்டு. படிப்பு ஒரு வருடம்தான் என்றாலும் விசாவைக் கூடுதலாகச் சில மாதங்கள் சேர்த்துத் தருவார்கள், அதற்கும் பாதிக் கட்டணம் விழும். ஆக 1,164. விசாக் கட்டணம் அப்போது 524. எல்லாம் சேர்ந்து 32,412 பவுண்டு. விமான டிக்கெட்டும் ஆங்கிலத் தேர்வுக் கட்டணமும் இதில் வரவில்லை. முதல் பக்கத்தில் அவ்வளவு பெரிதாகத் தெரிந்த உதவித்தொகை, அதைக் கழிப்பதற்கு முன் இருந்த மொத்தச் செலவான 36,412 பவுண்டில் நூற்றுக்குப் பதினொன்றுதான்.

கடிதத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. முன்பணம் முழுசாகக் கட்டியாக வேண்டும், உதவித்தொகையைக் கடைசித் தவணையில்தான் கழிப்பார்கள். குடும்பம் திணறுவது ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில். சலுகை கைக்கு வருவதோ படிப்பு பாதி தாண்டிய பிறகு. இரண்டு, நான்கு வருடப் படிப்பென்றால் இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். உதவித்தொகை ஒரே தொகையாக நின்றுவிடும், கட்டணம் வருடா வருடம் ஏறும். குறிப்பிட்ட சராசரி மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் அடுத்த வருடம் சலுகை கிடையாது என்ற நிபந்தனையும் பல இடங்களில் உண்டு.

எங்களுக்கு இந்தப் பல்கலைக்கழகத்தைச் சொன்ன ஆலோசனை மையத்தில் எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. மாணவர் சேர்ந்தால் பல்கலைக்கழகமே கமிஷன் கொடுக்கிறது. அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை, வியாபாரம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் முதுநிலைப் படிப்புக்குத் தரும் இராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை பற்றிக் கேட்டபோது, “அதெல்லாம் கிடைக்காதும்மா, டைம் வேஸ்ட்” என்று பேச்சை முடித்துவிட்டார்கள். கமிஷன் வராத கதவை அவர்கள் எதற்குத் திறந்து காட்டுவார்கள்? அந்த வேலையைப் பத்திரிகைதான் செய்ய வேண்டும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் படிப்புக் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ கைக்கு வரும். குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டியிருக்கும். பயணம், விசா, தங்குவது எல்லாவற்றையும் அந்த 1,400க்குள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டன் அரசின் செவெனிங் உதவித்தொகை கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானப் பயணம் மூன்றையும் ஏற்கும். அதற்குக் குறைந்தது 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், அதாவது ஏறக்குறைய இரண்டு வருடம். படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. அங்கேயே வேலை தேடிக்கொள்ளும் எண்ணத்தில் போகிறவருக்கு இது ஒத்துவராது. கட்டுரையில் செவெனிங்கின் பெயர் இருக்கிறது, இந்த இரண்டு நிபந்தனைகளும் இல்லை. கல்லூரி இறுதியாண்டில் இருக்கிற பிள்ளை அதைப் படித்துவிட்டு என்ன செய்யும்?

இதைவிடப் பெரிய குறை நீங்கள் வெளியிடும் மாதம். வருடா வருடம் தேர்வு முடிவுகள் வரும் சமயத்தில்தான் உதவித்தொகைப் பக்கங்கள் வருகின்றன. செவெனிங் ஆகஸ்டில் திறந்து அக்டோபர், நவம்பரோடு மூடிவிடும், அதுவும் அடுத்த வருடப் படிப்புக்கு. காமன்வெல்த் உதவித்தொகைக்கும் ஏறக்குறைய அதே பருவம்தான். இராஸ்மஸ் முண்டஸ் படிப்புகளில் பெரும்பாலானவை அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் விண்ணப்பம் வாங்கிவிடுகின்றன. முழுச் செலவையும் ஏற்கும் கதவுகள் எல்லாம் சாத்திய பிறகு உங்கள் இணைப்பு வீட்டுக்கு வருகிறது. அந்த நேரத்தில் திறந்திருப்பவை பெரும்பாலும் என் மகளுக்கு வந்த மாதிரியான தள்ளுபடிகள்தான். அந்த இணைப்பில் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கிறவர்களும் அப்படித் தள்ளுபடி தருகிறவர்களே என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜப்பானின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியாக விண்ணப்பிப்பது மட்டும் பொதுவாக ஏப்ரல், மே வாக்கில் வரும். உங்கள் பருவத்துக்குப் பொருந்துகிற அந்த ஒன்றை நீங்கள் குறிப்பிடவே இல்லை!

அமெரிக்கா பற்றிய பகுதியில், நல்ல மதிப்பெண் எடுத்தால் ஹார்வர்டு உதவித்தொகை தரும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் போன்றவை இளநிலைப் படிப்பில் மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை தருவதில்லை. இடம் கிடைத்தவரின் குடும்ப வருமானத்தைப் பார்த்து, எவ்வளவு குறைகிறதோ அதைக் கொடுப்பார்கள். எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத் போன்ற சில இடங்களில், வெளிநாட்டு மாணவர் பண உதவி கேட்டார் என்பதைச் சேர்க்கை முடிவில் கணக்கிலேயே எடுப்பதில்லை. மற்ற பல இடங்களில் உதவி கேட்டால் வாய்ப்பு குறையலாம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு இது எவ்வளவு முக்கியமான செய்தி! அதே போல முதுநிலைக்கும் ஆராய்ச்சிப் படிப்புக்கும் உள்ள வித்தியாசம். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கப் போகிறவர் பெரும்பாலும் தானே பணம் கட்டுகிறார். அறிவியல், பொறியியலில் பிஎச்.டி. சேர்கிறவருக்குப் பொதுவாகக் கட்டணத்தை விட்டுக்கொடுத்து, பாடம் நடத்தவோ ஆய்வுக்கோ மாதச் சம்பளமும் தருகிறார்கள். நெதர்லாந்தில் பிஎச்.டி. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக ஊழியர்களே.

பகுதிநேர வேலை செய்து சமாளித்துக்கொள்ளலாம் என்று கட்டுரை முடிகிறது. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். அங்கே போய்ச் சம்பாதிக்கப் போகிற பணத்தை விசா அதிகாரியிடம் இருப்பாகக் காட்டவும் முடியாது. கைச்செலவுக்கு ஆகும், கட்டணத்துக்கு ஆகாது.

என் மகள் அந்த இடத்தை வேண்டாம் என்று எழுதிவிட்டு வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். வேலை அனுபவம் சேர்ந்ததும் செவெனிங்குக்கு எழுதலாம், இடையில் இராஸ்மஸ் முண்டஸையும் பார்க்கலாம் என்று இருக்கிறாள். கிடைக்குமா என்று தெரியாது, போட்டி கடுமைதான்.

உங்களிடம் கேட்பது இதுதான். உதவித்தொகைப் பக்கத்தை ஆகஸ்டில் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதை ஏற்கிறது, எதை ஏற்கவில்லை, புறப்படுவதற்கு முன் கையில் எவ்வளவு வேண்டும் என்று மூன்று கட்டம் போட்ட அட்டவணை போதும். அட்டவணையின் அடியில், எந்த மாத நிலவரம் என்று ஒரு வரி சேருங்கள். கனடா மாணவர் விசாவுக்குக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகை வெகுகாலம் 10,000 கனடிய டாலராக இருந்தது. 2024 ஜனவரியில் 20,635 ஆனது, 2025 செப்டம்பரில் 22,895. உங்கள் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு அடுத்த வருடம் பணம் புரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கல்வி இணைப்பைக் கத்தரித்து வைக்கும் வாசகி ஒருவர்