ஒஹாயோவிலிருந்து அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அப்பா, அம்மா, அண்ணி, குழந்தைகள் அனைவரின் நலமும் அறிய ஆவல். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கியை இனி யார் பெயரில் வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். நான் துப்பாக்கிக் கடையில் வேலை பார்ப்பதை நினைத்து அம்மா உறங்காமல் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள், நான் நாள் முழுவதும் பிடித்திருப்பது பேனாவைத்தான். இந்நாட்டில் துப்பாக்கி வியாபாரம் செய்வதற்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும். அதிபர் கென்னடி, மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி மூவரும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 1968ஆம் ஆண்டில் கொண்டுவந்த சட்டம் இது. உரிமம் வழங்குவதும் கடைகளை ஆய்வு செய்வதும் ஏ.டி.எஃப். என்று எல்லோரும் அழைக்கும் துறை. வாங்க வருபவர் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். ஓராண்டுக்கு மேல் சிறைவாசம் விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டனை பெற்றவரா, போதைப் பழக்கம் உண்டா, வீட்டாரை அடித்த வழக்கில் தண்டனை உண்டா என்றெல்லாம் அதில் கேள்விகள் இருக்கும். நான் மிகவும் கவனித்துப் பார்ப்பது, இந்தத் துப்பாக்கியை உண்மையில் உங்களுக்காகத்தான் வாங்குகிறீர்களா என்ற கேள்வியை. வாங்கத் தகுதியற்ற ஒருவனுக்காக அவனுடைய தோழியோ தம்பியோ வந்து நிற்பதுண்டு. பணத்தை ஒருவர் எடுத்துக் கொடுக்க, படிவத்தில் மற்றவர் கையெழுத்திட முன்வந்தால், எங்கள் முதலாளி அந்த விற்பனையை அங்கேயே நிறுத்திவிடுவார்.

படிவம் நிறைந்ததும், வாங்குபவரின் பின்னணியை அறிய, எஃப்.பி.ஐ. என்னும் மத்தியப் புலனாய்வுத் துறையின் சரிபார்ப்பு மையத்தைக் கேட்கிறோம். விற்கலாம், பொறுத்திருங்கள், விற்கக்கூடாது என்ற மூன்றில் ஒரு பதில் வரும். பொறுத்திருக்கச் சொன்ன பிறகு மூன்று வேலை நாள்கள் கடந்தும் மறுமொழி வராவிட்டால், கடைக்காரர் விரும்பினால் விற்கலாம் என்கிறது சட்டம். 2015ஆம் ஆண்டில் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் வழிபட வந்த ஒன்பது பேரைக் கொன்றவன் கையில் துப்பாக்கி சேர்ந்தது இந்த வழியில்தான். எங்கள் கடையில் பதில் வராமல் விற்பதில்லை. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனாலும் போகட்டும் என்று முதலாளி சொல்வதைக் கேட்கும்போது, இந்த வேலையில் சேர்ந்தது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடைக்கு வந்த ஒவ்வொரு துப்பாக்கியையும், தயாரித்த நிறுவனம், மாதிரி, வரிசை எண் ஆகியவற்றோடு மறுநாள் வேலை முடிவதற்குள் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். வெளியே போனதை ஏழு நாள்களுக்குள் எழுத வேண்டும். யாரிடம் எந்தத் துப்பாக்கி இருக்கிறது என்பதை நாடு முழுவதற்கும் ஒரே இடத்தில் பதிந்து வைக்க 1986ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. ஆகவே எங்கோ ஒரு கொலை நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஏ.டி.எஃப். துறையின் தேடல் மையம் முதலில் தயாரிப்பாளரையும், பிறகு மொத்த வியாபாரியையும், கடைசியில் எங்களைப் போன்ற கடையையும் கேட்டுக்கேட்டுத்தான் வாங்கியவரைக் கண்டுபிடிக்க முடியும். நான் ஓர் எண்ணை மாற்றி எழுதிவிட்டால் அந்தத் தேடல் என் மேசையிலேயே நின்றுவிடும். அதனால்தான் ஒவ்வொரு வரியையும் இருமுறை படித்துப் பார்க்கிறேன்.

இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. ஈரி ஏரியிலிருந்து வரும் காற்று காதைப் பிய்க்கிறது. சென்ற ஆண்டின் கோட்டே நன்றாக இருப்பதால் புதிது வாங்கவில்லை. மான் வேட்டைப் பருவம் முடிந்துவிட்டதால் முதலாளி என் வேலை நாள்களைக் குறைத்திருக்கிறார். உடம்புக்கு ஓய்வு கிடைக்கிறது, கவலைப்பட வேண்டாம். எதிர்வீட்டுப் பெரியவர் தந்த மான் இறைச்சியை மிளகும் சீரகமும் இடித்துப் போட்டு வறுத்தேன். அம்மாவின் கைப்பக்குவம் வரவில்லை.

அந்தப் பெரியவர் அதிகம் பேசமாட்டார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய துப்பாக்கிகளைச் சேர்ப்பதற்கென்று தனி உரிமம் வைத்திருக்கிறார். சேகரிப்பாளர்களும் பதிவேடு வைக்க வேண்டும். அவருடையது எங்கள் கடைப் பதிவேட்டைவிடச் சுத்தமாக இருக்கும். ஒருநாள் என்னை அழைத்து ஒரு பழைய .303 ரைபிளைக் காட்டி, இந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இச்சாப்பூர், 1942 என்று அதில் பொறித்திருந்தது. கல்கத்தாவுக்கு அருகில் என்றேன். அதற்குமேல் பேச முடியவில்லை, அண்ணா. ஆயுத பூஜைக்கு முதல்நாள் அப்பா திண்ணையில் பழைய வேட்டியை விரித்துத் துப்பாக்கியைத் துடைப்பதும், நாம் இருவரும் சந்தனம் வைக்க முந்திக்கொள்வதும், அடுப்படியிலிருந்து சுண்டல் மணம் வருவதும் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்துவிட்டன. பெரியவர் ஒன்றும் கேட்காமல் தேநீர் போட்டுக் கொடுத்தார்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 70 வயது நிரம்பியவரோ 25 ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்தவரோ தம் வாரிசுக்கு உரிமம் வழங்கும்படி கேட்கலாம். அப்பாவுக்கு இரண்டும் பொருந்தும். வெளிநாட்டில் இருக்கும் என் பெயர் வேண்டாம், நீங்களே ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரத்தை இங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புகிறேன். அக்காவிடமும் நான் பேசி வாங்கிவிடுகிறேன். சின்ன மாமா தோட்டத்துப் பன்றிகளுக்காகத் தம்மிடம் கொடுத்துவிடச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். உரிமம் இல்லாதவரிடம் ஒருநாள்கூடக் கொடுக்காதீர்கள், அவர் வருத்தப்பட்டாலும் சரி. அப்பாவின் உரிமப் புத்தகத்தில் உள்ள எண்ணையும் துப்பாக்கியில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

இன்னொன்றை அண்ணியிடம் அவசியம் சொல்ல வேண்டும். டெக்சாஸில் படிக்கும் அவருடைய தம்பி மகன், நண்பனின் துப்பாக்கியோடு எடுத்த படத்தை அனுப்பியிருந்தான். மாணவர் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதற்கு இங்கே மத்தியச் சட்டத்தில் தடை உண்டு. வேட்டை உரிமம் பெற்றவர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு. எனக்குக் கிரீன் கார்டு இருப்பதால் அந்தத் தடை இல்லை, அவன் நிலை வேறு. படிப்பே போய்விடும். நானும் அவனிடம் பேசுகிறேன், வீட்டிலிருந்தும் சொல்லட்டும்.

தையில் அனுப்ப வேண்டிய பணம் மாசியில்தான் வந்து சேரும். ஆண்டு முடிவில் இங்கே வங்கி வேலைகள் தாமதமாகும். கூட்டுறவு வங்கியில் அம்மாவின் வளையல்களுக்கு வட்டியை மட்டும் கட்டி, கடனைப் புதுப்பித்து வையுங்கள். மீட்பதை மாசியில் பார்த்துக்கொள்ளலாம். ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கும் விண்ணப்பத்தின் நகலை மறக்காமல் எனக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி