தீயில் வீடிழந்த எங்களுக்கு நிவாரண விபரங்களைத் தமிழில் தரும்படி கேட்கும் நான்காவது மனு

கொழும்பு

மதிப்பிற்குரிய பிரதேச செயலாளர் அவர்களுக்கு,

ஐயா,

எங்கள் குடியிருப்பான கால்வாய் ஓரத்துத் தோட்டத்தில் தீப்பிடித்து இன்றோடு 74 நாட்கள். மறுநாள் காலையில் நீங்களே நேரில் வந்து பொதுக்குழாய் இருக்கிற இடம்வரை நடந்து பார்த்தீர்கள். அதனால் இடத்தை விளக்கத் தேவையில்லை. கோழிக்கடைக்குப் பக்கத்தில் இறங்குகிற ஒழுங்கை எவ்வளவு ஒடுக்கம் என்று உங்களுக்குத் தெரியும். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்றுதான் வழிவிட வேண்டும். அன்று இரவு 110க்கு அழைத்தோம், தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்தது. ஆனால் பெரிய தெருவைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை. அங்கிருந்தே குழாயை இழுத்து வந்து விடியும்வரை நின்று அணைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பலகை வீடுகள், கேஸ் சிலிண்டர்கள், காற்றும் சேர்ந்துகொண்டது. 31 வீடுகள் போய்விட்டன. கடவுள் புண்ணியத்தில் ஓர் உயிரும் போகவில்லை.

இது நாங்கள் எழுதும் நான்காவது மனு. முதலாவதை ஒன்பதாம் நாள் உங்கள் அலுவலகக் கருமபீடத்தில் கையில் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள், முத்திரை குத்தித் தரவில்லை. இரண்டாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம், பற்றுச்சீட்டு இருக்கிறது. மூன்றாவதாக 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பம் கொடுத்தோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அந்த நாட்களும் போய், மேலே ஒரு மாதமும் போய்விட்டது.

வீடு கேட்டு இந்த மனுவை எழுதவில்லை, ஐயா. வீட்டுக் கதை நீளமானது என்று எங்களுக்கே தெரியும். விபரம் கேட்டு எழுதுகிறோம். எங்களுக்கு என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும், எந்தப் படிவத்தை எங்கே கொடுக்க வேண்டும், யாருடைய பெயர் பட்டியலில் இருக்கிறது. இவ்வளவுதான்.

1. எரிந்தது 31 வீடு, ஆனால் குடும்பங்கள் 44. கல்யாணமான மகன் மேல்தட்டில், தாய் தகப்பன் கீழே என்றுதான் எங்கள் தோட்டத்தில் எல்லோரும் இருக்கிறோம். கணக்கெடுக்க வந்தவர்கள் வீட்டை எண்ணினார்களா, குடும்பத்தை எண்ணினார்களா? பட்டியலை ஒருமுறை எங்கள் கண்ணில் காட்டுங்கள்.

2. எங்களை அதிகம் நோகடித்தது இந்த அறிவித்தல் விஷயம்தான். பத்தொன்பதாம் நாள் கிராம சேவகர் அலுவலகப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முழுவதும் சிங்களம், பொடி எழுத்து, மங்கலான போட்டோ பிரதி. நாங்கள் பிறந்ததிலிருந்து சிங்களம் பேசுகிறவர்கள். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை செய்கிற எங்கள் ஆண்கள் நாள் முழுக்கப் பேசுவது சிங்களம்தான். ஆனால் பேசுவது வேறு, கந்தோர் எழுத்தை வாசிப்பது வேறு. எங்களில் பலருக்கு அந்த எழுத்து ஓடாது. டெங்குப் புகை அடிக்கிற அறிவித்தல் என்று நினைத்து, அதற்குக் கீழே நின்றே தண்ணீருக்கு வரிசை பிடித்தோம்.

தாள் ஒட்டிய நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. இடியப்பம் விற்கிற சுமனா அக்கா அந்தப் பக்கம் போனவர், வாசித்துவிட்டு ஓடி வந்தார். "இன்றைக்கு 12 மணிக்குள் நட்டஈட்டு விண்ணப்பம் கொடுக்க வேண்டுமாம், நீங்கள் கொடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். அப்போது நேரம் பத்தரை. படிவம் எங்கே எடுப்பது என்று தெரியாது. கிராம சேவகரின் உறுதிக் கடிதமும் வேண்டுமாம், அவர் அன்று கூட்டத்துக்குப் போயிருந்தார். வேலைக்குப் போன ஆண்களைப் போனில் கூப்பிட்டு, கையில் பிள்ளையோடு ஓடி, கிடைத்த தாளில் எழுதிக்கொண்டு போய் நின்றோம். 11 குடும்பங்களால் முடியவில்லை. அதில் ஒருவர் அப்பம் சுட்டு விற்கிற விதவைத் தாய். அவருக்கு அப்பச் சட்டிகூட மிஞ்சவில்லை. திங்கட்கிழமை போனபோது கருமபீடத்தில் இருந்தவர் சொன்னது, "நோட்டீஸ் போட்டோமே, பார்க்கவில்லை என்றால் நாங்கள் என்ன செய்வது?" ஐயா, பார்த்தோம். நான்கு நாளும் பார்த்தோம். வாசிக்க முடியாத ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மழையில் நனைந்து கழன்று விழுந்த அந்தத் தாளை நான் எடுத்து வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் பசை காய்ந்துபோய் இருக்கிறது. அதன் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் ஒரு வரி தமிழ் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆகிவிட்டது. வடக்கு கிழக்குக்கு வெளியே இருக்கிறவர்களும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்பு கொள்ளலாம், அலுவலகத்திடமிருந்து வருவதையும் தமிழிலேயே பெறலாம் என்று அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை சொல்கிறது. இதை நாங்கள் உங்களுக்குச் சொல்லித்தர வரவில்லை, உங்களுக்குத் தெரியாததா? ஆனால் அந்தப் பலகைக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை. சிங்களத்தில் போட வேண்டாம் என்று யார் சொன்னது? எங்களோடு சிங்களக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் சேர்ந்துதான் வீடிழந்து நிற்கின்றன. இரண்டிலும் போடுங்கள். இன்னொரு தாள், அவ்வளவுதானே.

அந்த 11 குடும்பங்களின் விண்ணப்பங்களையும் தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

3. ஆவணங்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் கிளினிக் கொப்பி எல்லாமே எரிந்துவிட்டன. அடையாள அட்டைக்குப் போனால் முதலில் பொலிஸ் முறைப்பாடு என்கிறார்கள். பொலிஸுக்குப் போனால் கிராம சேவகர் கடிதம் கொண்டு வா என்கிறார்கள். கிராம சேவகரிடம் போனால் நீ இன்னார்தான் என்பதற்கு அடையாள அட்டை காட்டு என்கிறார். இந்த வட்டத்தை எங்கே தொடங்குவது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்களா? என் மாமியார் பதுளைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய பிறப்புப் பதிவு இலக்கத்தை மாமா முருகன் படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். படம் எரிந்துபோனது. இலக்கம் தெரியாமல் தேடித் தருவார்களா, அதற்கு இங்கே கொழும்பில் விண்ணப்பிக்கலாமா, இல்லை எழுபது வயதில் அவரைப் பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா? என் மகள் இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறாள். அடையாள அட்டை இல்லாமல் மண்டபத்துக்குள் விடுவார்களா என்று ஒவ்வொரு இரவும் கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

4. எரிந்த இடத்தை நாங்களே துப்புரவாக்கலாமா கூடாதா என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. கூரைத் தகடுகளில் பாதி அஸ்பெஸ்டோஸ், சூட்டில் வெடித்துத் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி சொன்னாள். சின்னப் பிள்ளைகள் அதற்குள்தான் ஆணி பொறுக்கி இரும்புக் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். ஈரம் போட்டுத்தான் கூட்ட வேண்டுமா, முகத்தை மூடிக்கொள்ள வேண்டுமா, மாநகரசபை லொறி வருமா? யாராவது ஒருவர் வந்து அரை மணித்தியாலம் சொல்லித்தந்தால் போதும்.

5. அப்புறம், இந்தக் கதைகள். தொடர்மாடிக்கு அனுப்பப்போகிறார்கள் என்று ஒருவர் சொல்கிறார். இல்லை, இங்கேயே கட்ட விடுவார்கள் என்று இன்னொருவர் சொல்கிறார். பணம் கட்டினால் பெயர் முன்னுக்குப் போகும் என்று தோட்டத்துக்குள் வந்து சொன்ன ஆளும் உண்டு. இரண்டு குடும்பங்கள் அவனிடம் காசு கொடுத்து ஏமாந்துவிட்டன. 2022 செப்டெம்பரில் தொட்டலங்க கஜிமாவத்தையில் ஏறத்தாழ 80 வீடுகள் எரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் படங்களை அன்று நாங்களும் பார்த்தோம், நமக்கும் இப்படி வரும் என்று நினைக்கவில்லை. அலுவலகத்திலிருந்து ஒரு வார்த்தையும் வராவிட்டால் அந்த இடத்தைத் தரகர்கள்தான் நிரப்புவார்கள். இன்னும் முடிவாகவில்லை என்றால் அதையாவது எழுதித் தாருங்கள். அதை ஒட்டி வைத்தாலே காசு கேட்டு வருகிறவனைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

6. தீக்குப் பிறகு எங்களைத் தங்க வைத்த மண்டபத்தில் இன்னும் 17 குடும்பங்கள் படுக்கின்றன. பாய்க்கும் பாய்க்கும் நடுவில் சேலை கட்டித்தான் மறைப்பு. எப்போது காலி செய்யச் சொல்லப்போகிறீர்கள்? சொல்லும் நாளில் எங்கே போவது?

ஐயா, கோபமாக எழுதிவிட்டேன் என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். 74 நாட்களில் உலர் உணவுப் பொதி வந்தது, பாய் வந்தது, தண்ணீர் பவுசர் வந்தது. அதற்கெல்லாம் நன்றி. அறிந்தவர் அறியாதவர் எல்லாரும் சோற்றுப் பார்சல் கொண்டு வந்து தந்தார்கள். எழுதிய கடிதத்துக்கு மட்டும் பதில் வரவில்லை.

ஆகவே மறுபடியும் கேட்கிறோம். கிழமையில் ஒருநாள், எந்த நாளானாலும் சரி, தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவரை இரண்டு மணித்தியாலம் மண்டபத்துக்கு அனுப்புங்கள். மண்டப வாசலில் ஒரு பலகையைப் போட்டு, எல்லா அறிவித்தலையும் இரு மொழியிலும், கடைசி நாளுக்கு ஒரு கிழமையாவது முன்னால் ஒட்டச் சொல்லுங்கள். விடுபட்ட 11 குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்று தமிழில் ஒரு வரியாவது எழுதி அனுப்புங்கள். வீட்டு இலக்கம் இப்போது எங்களுக்கு இல்லை, மண்டபத்துக்கு அனுப்பினால் கிடைக்கும்.

இப்படிக்கு,
பணிவுள்ள,
கால்வாய் ஓரத்துத் தோட்டத்தில் வீடிழந்த 44 குடும்பங்களின் சார்பில்

(கையொப்பங்களும் பெருவிரல் அடையாளங்களும் பின் தாள்களில் உள்ளன)