வள்ளக்காரருக்கும் காப்புறுதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரச ஊழியருக்கு அக்ரஹார என்ற மருத்துவக் காப்புறுதி உண்டு. பாடசாலைப் பிள்ளைகளுக்கும் சுரக்ஷா என்ற காப்புறுதி வந்தது. திருக்கடலூரில் வள்ளம் தள்ளி மீன்பிடிக்கிறவருக்கு? அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தானே என்கிறார்கள். சரி, கட்டிலும் டொக்டரும் இலவசம், அதை மறுக்கவில்லை. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியில் என் மச்சானின் சிட்டையில் இருந்த மூன்று மருந்தையும் வெளியில்தான் வாங்கினோம். பிறகு ஸ்கேன். முதலில் அக்காவின் காப்பு அடகுக்குப் போனது, அடுத்து வள்ளத்தின் எஞ்சின் விலைப்பட்டது. மச்சான் குணமாகிவிட்டார், இன்று அடுத்தவர் வள்ளத்தில் கூலி. காப்புறுதிக்குக் காசு எங்கே என்று கேட்பவர்கள் இந்த நட்டத்தையும் கணக்கில் சேர்க்கட்டும். மாரியில் கடல் கொந்தளிக்கும்போது சந்தா கேட்டால் யாராலும் கட்ட முடியாது. மீன்படும் மாதங்களில் சேர்த்து வாங்கினால் நாங்களும் கட்டுவோம்.

ஒரு வாசகர்,
திருகோணமலை