கையெழுத்து வாங்கியதும் காணாமல் போகிறார்கள்

ஆசிரியருக்கு,

வியாசர்பாடியில் நாங்கள் நடத்தும் மாலைநேர இலவச வகுப்புக்கு, பாடத்திட்டத்தின் ஒரு பகுதியான சமூகப் பணிக்காகக் கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். நல்ல பிள்ளைகள். பின்னக் கணக்கு சொல்லித்தர எனக்கு இல்லாத பொறுமை அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் செமஸ்டர் தேர்வு நெருங்கியதும், பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரே நாளில் நின்றுவிடுகிறார்கள். "அந்த அக்கா இனிமே வராதா?" என்று கேட்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் என்ன சொல்வது?

1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில்கூட ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் 2 ஆண்டுகள் பணி உண்டு. கல்லூரி நிர்வாகங்களே, பாடத்திட்டப் பணியையும் ஒரே இடத்தில் ஓராண்டாவது தொடரவிடுங்கள். வாரம் 2 மணி நேரம் போதும். பேனர் பிடித்த குழுப் புகைப்படம் வேண்டாம். அட்டவணை போடும் முன் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

- மாலை வகுப்புப் பொறுப்பாளர், வியாசர்பாடி, சென்னை