நாகசாகியிலிருந்து ஞாயிறு மாலை அழைப்பு

குழுவினர் எல்லாருக்கும் வணக்கம். நாகசாகியில் ஆங்கிலம் கற்றுத்தரும் நம் அண்ணனும் அண்ணியும் வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு வீடியோ காலில் பேசுகிறார்கள். அங்கே அப்போது இரவு 7.30 ஆகியிருக்கும், திங்கள் காலையே வகுப்பு, அதனால் நேரத்துக்கு வந்துவிடுங்கள்.

ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். ஆனால் நாகசாகி கிறிஸ்தவர்கள், அங்கே கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் குருக்களே இல்லாமல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் விசுவாசத்தை மறைத்துக் காத்தவர்கள். 1865-இல் ஔரா ஆலயத்தில்தான் அவர்கள் தங்களை வெளிப்படுத்தினார்கள். நம் முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த அதே சவேரியார் 1549-இல் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

அண்ணி சொன்னது: முதல் சில வாரம் பூசைக்குப் பின் யாரும் அதிகம் பேசவில்லையாம். காலணியைக் கழற்றி ஒழுங்காக அடுக்கி, எல்லாரோடும் நின்று பாத்திரம் கழுவிய பிறகுதான் பாட்டிமார் நெருங்கி வந்தார்கள். இப்போது அவர்கள்தான் அண்ணிக்கு ஜப்பானிய ஜெபங்களைச் சொல்லித்தருகிறார்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அங்குள்ளவர்களின் படங்களை வேறு குழுக்களுக்கு அனுப்பாதீர்கள். கேள்விகள் இருந்தால் சனிக்கிழமைக்குள் இங்கேயே எழுதுங்கள்.