நோட்டுக் கட்டு

அன்புள்ள டீச்சருக்கு,

தோத்திரம். இந்த வார்த்தையைச் சொல்ல நம் பள்ளியில்தான் பழகினேன். உங்களை நினைத்தால் இன்றும் வணக்கத்துக்கு முன்னால் அதுதான் வாயில் வருகிறது.

இந்த ஜூன் மாதம் நம் பள்ளியிலேயே தமிழாசிரியையாகச் சேர்ந்துவிட்டேன். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு வகுப்பாசிரியை. நேரில் வந்து சொல்வதுதான் முறை. ஆனால் சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அதை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்லி முடிக்க முடியாது.

முதல் நாள் பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஊசிக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி சற்று நேரம் நின்றேன். மிஷனெரி ரேனியுஸ் ஐயர் 1826-இல் கட்டிய ஆலயம் என்று ஒவ்வோர் ஆண்டும் புது வகுப்புக்குச் சொல்வீர்கள். கூடவே சாரா டக்கர் கதையும் வரும். இந்த மண்ணை ஒரு நாளும் மிதிக்காத ஒரு பெண், எங்கோ இங்கிலாந்தில் நோயோடு இருந்துகொண்டு இங்குள்ள பெண்பிள்ளைகளின் படிப்பை நினைத்திருந்தாள், 1895-இல் தொடங்கிய கல்லூரிக்கு அவள் பெயர்தான் என்பீர்கள். அந்தக் கதையைச் சொல்லும்போது உங்கள் குரல் கொஞ்சம் இறங்கும். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இனி அந்த இன்னொன்று.

போர்டிங் கட்டணம் கட்டாதவர்களின் பெயர்களை அந்த நாட்களில் காலை ஜெபம் முடிந்ததும் வாசிப்பார்கள். பெயர் வந்தவர்கள் வரிசையை விட்டு முன்னால் போய் நிற்க வேண்டும். அம்மாவுக்குப் பீடிக்கடையில் கூலி வாரக் கடைசியில்தான் கைக்கு வரும். இலை மோசமாக வந்த வாரத்தில் அதுவும் குறையும். என் பெயர் அந்தப் பட்டியலில் இல்லாத மாதம் அபூர்வம். ஆனால் நான் ஒரு முறைகூட முன்னால் போய் நின்றதில்லை. எட்டாம் வகுப்பு முழுவதும், பெயர் வாசிக்கும் காலைகளில் எல்லாம், ஜெபத்துக்கு முன்பே நீங்கள் என்னைக் கூப்பிட்டுவிடுவீர்கள். "இந்த நோட்டுக் கட்டைக் கொண்டுபோய் ஸ்டாஃப் ரூமில் வை. நான் வருகிற வரைக்கும் அங்கேயே இரு." நாற்பது நோட்டுகள், சணல் கயிறு போட்டுக் கட்டியது. கயிறு விரலில் பதிந்து சிவந்துவிடும். நல்ல வேளையாக இன்றைக்கும் தப்பித்தோம் என்று நினைத்துக்கொள்வேன். அதிர்ஷ்டம் என்றே இத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.

இப்போது பெயர் வாசிப்பதில்லை. போன வாரம் மாலையில் அலுவலகத்து அம்மா ஒரு சீட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கட்டணம் பாக்கி வைத்திருக்கும் மூன்று பிள்ளைகளின் பெயர்கள். "வகுப்பாசிரியரிடம் முந்தின நாளே கொடுத்துவிடுவோம், எப்போதும் அதுதான் வழக்கம்" என்றார். "நான் படித்த காலத்திலுமா?" என்று கேட்டேன். "ஆமாம், அப்போதும்தான்."

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் உட்கார்ந்திருந்த அதே ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்துவிட்டேன் டீச்சர். கடைசி மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை.

ஸ்டாஃப் ரூமுக்கு வந்து ஒரு நாளாவது பணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களா? "அம்மாவுக்கு இடுப்பு வலி தேவலையா?" என்றுதான் கேட்பீர்கள். அந்த மூன்று பிள்ளைகளிடமும் நானும் அப்படித்தான் ஏதோ கேட்டேன். பணத்தைப் பற்றி அவர்களுடைய வீட்டுக்குப் போன் செய்து பெரியவர்களிடம் பேசிக்கொண்டேன். சரியாகச் செய்தேனா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காலை ஜெபத்தில் வேதம் வாசிக்கும் முறைப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. வேண்டாம் என்றால் மாற்றித் தருகிறேன் என்றார் தலைமையாசிரியை. எங்கள் வீட்டில் சுடலைமாடன் சாமி என்பது அவருக்கும் தெரியும். நான் மாற்ற வேண்டாம் என்றேன். 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்' என்று தொடங்கும் 121-ஆம் சங்கீதத்தை வாசிக்கப் போகிறேன். போர்டிங்கில் சேர்ந்த முதல் வாரம் அழுது ஓயாத என்னை மாடிக்குக் கூட்டிப்போய், மேற்கே நீலக் கோடாய்த் தெரிந்த மலையைக் காட்டினீர்கள். "அதோ பொதிகை. அதற்கு அடியில்தானே உன் ஊர்? அந்தச் சங்கீதத்தில் வருகிற பர்வதம் என்றால் மலை. ஒத்தாசை உனக்கே தெரிந்த வார்த்தை." ஆமாம், அது அம்மா தினமும் சொல்லும் வார்த்தை. அது வேதப் புத்தகத்திலும் இருக்கிறது என்றதும் அழுகை நின்றுவிட்டது.

வருகிற வியாழக்கிழமை என் முறை. ஒன்பது மணிக்கு ஜெபம். வேப்பமரத்தடியில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். சாரல் வெறித்திருந்தால் மாடிக்கும் போகலாம், மலை தெரியும். படி ஏற நான் கை கொடுக்கிறேன்.

உங்கள் மாணவி